காவலர் வருவதற்குள்

(சேத்தியாத்தோப்பில் நடைபெற்ற குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிகழ்ச்சி நிரலில் என் பெயருக்கு நேரே ‘இணைய விளையாட்டும் மாணவரும்’ என்று போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்குவது எப்படி என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். அந்த வித்தை எனக்குத் தெரியாது. என் வீட்டிலேயே அது நடக்கவில்லை. நான் கணக்கு ஆசிரியர். விண்வெளிக் கப்பல்களைப் பற்றி ஒரு கணக்கும், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனைப் பற்றி ஒரு செய்தியும் என்னிடம் இருக்கின்றன. இரண்டும் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டவை.

முதலில் செய்தி. நம் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்று ஒரு பெட்டி இருப்பது உங்களுக்குத் தெரியும். அதில் பெரும்பாலும் கழிப்பறைத் தண்ணீரைப் பற்றித்தான் சீட்டு விழும். ஒருநாள் வேறு மாதிரி ஒரு சீட்டு வந்தது. பெயர் இல்லை. ‘என்னை மட்டும் குறிவைத்து அடிக்கிறார்கள், வகுப்பே சிரிக்கிறது, பள்ளிக்கு வரப் பிடிக்கவில்லை’ என்று எழுதியிருந்தது. யாரோ கையால் அடிக்கிறார்கள் என்றுதான் நினைத்தோம். விசாரித்தால், அடித்தது கைப்பேசியில்.

நூறு பேர் ஒரு தீவில் குதித்துக் கடைசியாக மிஞ்சுபவர் வெற்றி பெறும் வகை விளையாட்டு. அதில் ஒரே வகுப்பைச் சேர்ந்த மூன்று பையன்கள் ஒரு வேலை செய்திருக்கிறார்கள். நான்காவது பையன் எந்த ஆட்டத்தில் நுழைகிறானோ அதே ஆட்டத்தில் நுழைவது. அவன் எங்கே இறங்குகிறானோ அங்கேயே இறங்குவது. தாங்கள் ஜெயிக்க வேண்டும் என்ற எண்ணமே கிடையாது. அவனைச் சுட்டுவிட்டு, அந்தச் சத்தத்தில் ஓடிவரும் மற்றவர்களிடம் தாங்களும் செத்துப்போவது. ஒரு நிமிடத்தில் நால்வரும் வெளியே. மறுபடி நுழைவது, மறுபடி அதே. இப்படி மூன்று வாரம்.

அந்த மூவரையும் அழைத்துக் கேட்டேன். ஒருவன் சொன்னான்: “சார், ரூல்ஸ்ல தப்பே இல்ல சார். நாங்களும்தானே செத்தோம்.”

எனக்குப் பதில் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், முதல் நாள் நான் செய்தது ரொம்பச் சாதாரணமான காரியம். “கேம்தானே, விடுங்கடா, எல்லாரும் போனை மூடிட்டுப் படிங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த நாள் அந்த நான்காவது பையன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ‘நாங்களும்தானே செத்தோம்’ என்ற அந்த வாக்கியம் மட்டும் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அது ஒரு வாதம். தவறான வாதம் என்று தெரிகிறது. எங்கே தவறு என்று தெரியவில்லை. கணக்கு வாத்தியாருக்கு இதைவிட எரிச்சலான நிலை வேறு கிடையாது.

அதைத் தேடிப் போனபோதுதான் ஈவ் ஆன்லைன் என்ற விளையாட்டைப் பற்றிப் படித்தேன். நம் பிள்ளைகள் யாரும் அதை விளையாடுவதில்லை. அது கணினியில் ஆடுவது, பொறுமை வேண்டும், ஆங்கிலம் நிறைய வேண்டும். ஆனால் இந்த ‘நாங்களும்தானே செத்தோம்’ என்ற வாதத்தை இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பெரிய சமூகமே அதற்குள் பேசித் தீர்க்க முயன்றிருக்கிறது.

ஐஸ்லாந்து நாட்டின் ரெய்க்யாவிக் நகரில் உள்ள சிசிபி என்ற நிறுவனம் 2003 மே மாதம் அதை வெளியிட்டது. ஆயிரக்கணக்கான சூரிய மண்டலங்கள் கொண்ட ஒரு விண்வெளி. உலகத்தின் பெரும்பாலான ஆட்டக்காரர்கள் எல்லாரும் ஒரே விண்வெளியில் இருப்பார்கள். கப்பல் கட்டலாம், சரக்கு ஏற்றலாம், விற்கலாம், போரிடலாம். கப்பல் அழிந்தால் அழிந்ததுதான். ஆட்டத்தை மறுபடி தொடங்கினால் திரும்பி வராது. அதன் நாணயத்துக்கு ஐஎஸ்கே என்று பெயர். ஐஸ்லாந்து நாட்டின் உண்மையான பணத்துக்கும் அதே மூன்றெழுத்துச் சுருக்கம்தான். அவர்களுடைய குறும்பு அது. 2007இல் அந்த நிறுவனம் விளையாட்டுக்குள் நடக்கும் பொருளாதாரத்தைக் கவனிக்க எயோல்ஃபர் குட்முண்ட்சன் என்ற பொருளியல் அறிஞரையே வேலைக்கு வைத்தது. அவர் பின்னாளில் ஐஸ்லாந்தின் ஆகுரெய்ரி பல்கலைக்கழகத்துக்குத் தலைமைப் பொறுப்பேற்றார். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012இல் முதன்முதலாகக் கணினி விளையாட்டுகளைச் சேகரிப்பில் சேர்த்தபோது, அந்தப் பதினான்கில் இதுவும் ஒன்று. ஆகவே சும்மா பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது.

அந்த விண்வெளியில் தொழில் செய்கிறவர்களில் கணிசமானோர் யார் தெரியுமா? சுரங்கத் தொழிலாளர்கள். நெய்வேலிப் பக்கத்துக்காரர்களான நமக்கு இது உடனே புரியும். விண்கற்களின் அருகே கப்பலை நிறுத்தி, கதிரைப் பாய்ச்சித் தாதுவைப் பெயர்த்தெடுத்துக் கிடங்கில் நிரப்ப வேண்டும். மெதுவான வேலை. நம் சுரங்கத்தில் சக்கர வாளி இயந்திரம் மண்ணைத் தோண்டிக்கொண்டே இருப்பதைப் பார்வை மேடையிலிருந்து பிள்ளைகளுக்குக் காட்டியிருப்பீர்களே, அதே மந்தகதி. கதிரை ஓடவிட்டு, எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. பிறகு அந்தத் தாதுவை யாரோ வாங்கி, யாரோ கப்பலாக்கி, வேறு யாரோ பெரிய சரக்குக் கப்பலில் ஏற்றி ஜிட்டா என்ற மண்டலத்துக்குக் கொண்டுபோவார்கள். ஜிட்டா அங்கே கோயம்பேடு மாதிரி.

இந்த விண்வெளியில் ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு பாதுகாப்பு எண் உண்டு. 1.0 என்றால் மிகப் பாதுகாப்பு. 0.5 வரை பாதுகாப்பான பகுதி. அதற்குக் கீழே போனால் காவல் படை வராது. 0.5 அல்லது அதற்கு மேல் உள்ள இடத்தில் யாராவது காரணமில்லாமல் ஒருவரைத் தாக்கினால் கான்கார்ட் என்ற காவல் படை வந்து தாக்கியவரின் கப்பலை அழித்துவிடும். தப்ப முடியாது. தப்புவதற்கு வழி கண்டுபிடிப்பதே விதிமீறல், கணக்கையே முடக்கிவிடுவார்கள். இதுவரை கேட்டால் நல்ல ஏற்பாடு என்று தோன்றும்.

ஆனால் கவனியுங்கள். அந்தக் காவல் படை தாக்குதலைத் தடுக்காது. தாக்குதல் நடந்த பிறகு வரும். 0.5இல் வருவதற்குச் சுமார் இருபது வினாடி ஆகும், 1.0இல் அதைவிட வெகு சீக்கிரம். அந்த இடைவெளிதான் சந்தை. சிலர் யோசித்தார்கள்: என் கப்பல் எப்படியும் சாகப்போகிறது. அதை முன்கூட்டியே செலவுக் கணக்கில் எழுதிவிட்டால் என்ன? மலிவான கப்பல்களில் இருபது முப்பது பேர் போவோம். காவலர் வருவதற்குள் சரக்குக் கப்பலை உடைப்போம். நாங்கள் எல்லாரும் அழிவோம். சிதறிய சரக்கைப் பொறுக்க எங்கள் ஆள் ஒருவன் வேறு கப்பலில் ஓரமாக நிற்பான்.

இதற்கு ஆங்கிலத்தில் அவர்கள் வைத்த பெயரில் ‘தற்கொலை’ என்ற சொல் வருகிறது. வகுப்பறையில் நான் அந்தச் சொல்லைப் புழங்குவதில்லை. காரணம் பின்னால் வருகிறது. ‘கப்பலைக் காவுகொடுத்துத் தாக்குதல்’ என்றுதான் சொல்கிறேன். சுருக்கமாகக் காவுத் தாக்குதல்.

நம் ஊரில் கரும்பு வண்டி போகிற காலத்தில் எம்.ஆர்.கே. சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டரின் பின்னால் ஓடிக் கரும்பை உருவாத பையன் யாராவது இங்கே உண்டா? நான் உருவியிருக்கிறேன். அதற்கும் ஒரு சாஸ்திரம் உண்டு. மேடு ஏறும்போது வண்டி மெதுவாகும். ஓட்டுநர் இறங்கி வருவதற்குள் உருவிக்கொண்டு ஓடிவிட வேண்டும். காவுத் தாக்குதலும் அதே சாஸ்திரம்தான். வித்தியாசம், இங்கே ஓடுவதில்லை. அடிவாங்குவதற்கென்றே இருபது பேர் நிற்கிறார்கள், இருபத்தொன்றாவது ஆள் கரும்போடு போய்விடுகிறான்.

அவர்கள் முன்னேற்பாட்டைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒரு வேவுக்கப்பல் வழியில் நின்றுகொண்டு, போகிற வருகிற சரக்குக் கப்பல்களின் உள்ளே என்ன இருக்கிறது என்று கருவி வைத்துப் பார்க்கும். பார்ப்பது குற்றமில்லை. கொழுத்த கப்பல் ஒன்று கிடைத்தால், இன்னொரு பெரிய கப்பல் வந்து அதைத் திரும்பத் திரும்ப இடித்துத் திசைமாற்றும். திசை நேராகாமல் அது பாய்ந்து தப்ப முடியாது. இடிப்பதும் குற்றமில்லை. குற்றம் என்று பதிவாவது கடைசி இருபது வினாடி மட்டும்தான். சட்டத்தின் ஓட்டைகளை வரிசையாக அடுக்கி அவற்றின் மீது நடந்து போகிறார்கள்.

கணக்கு ஆசிரியர்களே, இனி உங்களுக்கு. பத்தாம் வகுப்புக்கு நான் இதைக் கொடுத்தேன். எண்கள் நானாகக் கற்பித்தவை; கரும்பலகைக்கு வசதியாக வைத்தேன். ஒரு சரக்குக் கப்பல் 3,00,000 அலகு அடியைத் தாங்கும். மலிவுக் கப்பல் ஒன்று வினாடிக்கு 600 அலகு அடிக்கும். காவலர் வர 20 வினாடி. அப்படியானால் ஒரு கப்பல் சாவதற்குள் 12,000 அலகு அடிக்கும். 3,00,000ஐ 12,000ஆல் வகுத்தால் 25. ஆக 25 கப்பல் காவு. அதே கப்பலை, காவலர் 6 வினாடியில் வரும் இடத்தில் அடிக்க வேண்டுமானால்? ஒன்று 3,600 அடிக்கும். 83.3 வருகிறது. எண்பத்து மூன்றா, எண்பத்து நான்கா என்று வகுப்பில் ஒரு பெரிய சண்டை. எண்பத்து மூன்று போனால் கப்பல் உடையாது என்று ஒரு பெண் எழுந்து சொன்னாள். தசமத்தை மேல்நோக்கி முழுமையாக்க வேண்டிய இடம் எது என்று அன்றைக்குப் போல எந்த வகுப்புக்கும் நான் விளக்கியதில்லை.

இனி நிகழ்தகவு. கப்பல் உடையும்போது உள்ளே இருக்கும் ஒவ்வொரு சரக்கும் மிஞ்சுவதற்குப் பாதி வாய்ப்பு, அழிவதற்குப் பாதி வாய்ப்பு. ஒரு மலிவுக் கப்பல் விலை 1 கோடி என்று வைத்தால் 25 கப்பலுக்கு 25 கோடி. சராசரியாகப் பாதிதான் கிடைக்கும் என்பதால், சரக்கு 50 கோடிக்கு மேல் இருந்தால்தான் கட்டுப்படியாகும். எனவே 40 கோடிச் சரக்கோடு போகிற கப்பலை அறிவுள்ள திருடன் தொடமாட்டான். பேராசையில் ஒரே நடையில் 100 கோடியை ஏற்றுகிறவனுக்குத்தான் ஆபத்து. எதிர்பார்ப்பு மதிப்பு என்ற கருத்து இதோடு பிள்ளைகள் மனதில் ஒட்டிக்கொண்டது. 2010இல் உண்மையிலேயே ஒருவர், ஆட்டத்தின் சந்தாவாக மாற்றத்தக்க 74 சீட்டுகளை ஒரு சின்னஞ்சிறு கப்பலில் ஏற்றிக்கொண்டு ஜிட்டாவுக்கு வந்தார். உண்மைப் பணத்தில் ஆயிரம் டாலருக்கு மேல் மதிப்பு. அடித்தார்கள். அடித்தவர்களுக்கும் ஒன்றும் மிஞ்சவில்லை. எல்லாம் கப்பலோடு அழிந்தது. பாதி வாய்ப்பு என்பது பாதி கிடைக்கும் என்ற உத்தரவாதம் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இன்னொரு வேடிக்கை. நீண்ட காலம் அந்த ஆட்டத்தில் கப்பலுக்குக் காப்பீடு இருந்தது. காவலர் அழித்த கப்பலுக்கும் இழப்பீடு கொடுத்துக்கொண்டிருந்தார்கள்! திருடனைப் பிடித்து, அவன் அரிவாளைப் பறித்து, அரிவாளுக்கான விலையை அவன் கையில் கொடுத்து அனுப்பியது மாதிரி. 2011 நவம்பரில்தான் அதை நிறுத்தினார்கள். குடிமையியல் ஆசிரியர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம். ஒரு குற்றத்தின் விலையை ஏற்றினால் குற்றம் குறையுமா? ஓரளவு குறையும், முழுக்க நிற்கவில்லை. ஏனென்று அடுத்துச் சொல்கிறேன்.

பத்தாம் வகுப்பில் இந்தக் கணக்கை முடித்து, ஒன்பதாம் வகுப்புக்கும் எளிமையாக்கிக் கொடுத்தேன். அதற்குள் அந்த நான்காவது பையனை வீட்டுக்குப் போய்ப் பார்த்து அழைத்து வந்திருந்தோம். அப்பா சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. அம்மா நூறு நாள் வேலை. ‘போனை உடைச்சிடறேன் சார்’ என்றார் அப்பா. உடைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். வகுப்பில் அவன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். கணக்கெல்லாம் சரியாகப் போட்டான். நோட்டைக் காட்ட வந்தவன், மெதுவாகக் கேட்டான்.

“லாபம் இல்லாமலே அடிக்கிறவனுக்கு என்ன கணக்கு சார்?”

அங்கேதான் என் கரும்பலகை நின்றுவிட்டது. ஈவ் விளையாட்டிலும் கணக்கு அங்கேதான் நிற்கிறது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹல்கெட்டன் என்று ஒரு போட்டியே பலமுறை நடத்தினார்கள். ஹல்க் என்பது சுரங்கக் கப்பல் ஒன்றின் பெயர். யார் அதிகம் சுரங்கக் கப்பல்களைக் காவுத் தாக்குதலில் உடைக்கிறார்களோ அவர்களுக்குப் பரிசு. 2012 முதல் ஒரு குழு, பாதுகாப்பான பகுதியில் தாது எடுக்கிறவர்கள் எல்லாரும் தங்களிடம் ஆண்டுக்கு ஒரு கோடி ஐஎஸ்கே கொடுத்து அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்று தானாக அறிவித்துக்கொண்டது. வாங்காதவன் கப்பலை உடைத்தது. அதே 2012 ஏப்ரல் இறுதியில், கூன்ஸ்வார்ம் என்ற பெரும் கூட்டணி ஜிட்டாவையே முற்றுகையிட்டுச் சில நாள் சரக்குக் கப்பல்களை வரிசையாக உடைத்தது. நிறுவனம் தடுக்கவில்லை. இது விளையாட்டின் இயல்பு என்றது. அவர்கள் கொள்கை இது: பாதுகாப்பான பகுதி என்றால் தாக்கியவனுக்குத் தண்டனை உறுதி என்றுதான் பொருள், உனக்கு ஒன்றும் ஆகாது என்று பொருள் அல்ல. புதிதாக வந்தவர்கள் தொடங்கும் மண்டலங்களில் மட்டும் அவர்களைத் தொல்லைப்படுத்தக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள்.

இதைப் படிக்கும்போது எனக்கு வெட்சித்திணை ஞாபகம் வந்தது. தமிழாசிரியர்கள் என்னை மன்னிக்க வேண்டும், எல்லை தாண்டுகிறேன். பகைவர் நாட்டு ஆநிரையை அவர்கள் அறியாமல் கவர்ந்து வருவதற்கு நம் இலக்கணம் திணையே வகுத்தது. மீட்பதற்குக் கரந்தை என்று பெயர் வைத்தது. மீட்கப் போய் மாண்டவனுக்குத் திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கங்களில் நடுகல் நிற்கிறது. பதுங்கித் தாக்குவது என்ற ஒன்றே இல்லை என்று நம் முன்னோர் நடிக்கவில்லை. அதே நேரம் புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டில், பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி போர் தொடங்குமுன், பசுக்களும் பெண்களும் பிணியுள்ளவர்களும் பிள்ளை பெறாதவர்களும் அரணுக்குள் போய்விடுங்கள் என்று அறிவிக்கச் செய்ததாக நெட்டிமையார் பாடுகிறார். தாக்குதலுக்கு வெளியே யார் நிற்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்கிறார்கள். பிணியுள்ளவர்கள் என்ற அந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2012 மார்ச் மாதம். ரெய்க்யாவிக்கில் அந்த விளையாட்டின் ஆண்டு விழா. ஆட்டக்காரர்களின் சார்பில் நிறுவனத்தோடு பேசுவதற்கென்று தேர்தல் நடத்தித் தேர்ந்தெடுக்கப்படும் ஒரு மன்றம் 2008 முதல் உண்டு. அதன் தலைவர், கூன்ஸ்வார்ம் கூட்டணியின் தலைவரும் அவரே, ‘தி மிட்டானி’ என்ற புனைபெயர்க்காரர். மேடையில் குடித்துவிட்டுப் பேசினார். தங்கள் தாக்குதலில் கப்பலை இழந்த ஒரு சுரங்கக்காரர் எழுதியதை வேடிக்கைக்காகத் திரையில் காட்டினார். அந்த மனிதர் தான் மிகவும் மனம் உடைந்திருப்பதாக, வாழப் பிடிக்கவில்லை என்ற பொருளில் எழுதியிருந்தார். மேடையிலிருந்தவர் அந்த ஆட்டக்காரரின் பெயரைச் சொல்லி, அவரை மேலும் அந்த விளிம்புக்குத் தள்ளலாமே என்று பேசினார். அரங்கில் சிரித்தார்கள்.

இதுவரை எதையுமே தடுக்காத நிறுவனம் இங்கே தடுத்தது. அவரை 30 நாள் ஆட்டத்திலிருந்து விலக்கியது. அவர் மன்னிப்புக் கேட்டு மன்றத் தலைமையிலிருந்து விலகினார். அதற்குச் சில நாள்களுக்கு முன்புதான் அதே மன்றத்துக்கு ஆயிரக்கணக்கான வாக்குகளில் மீண்டும் வென்றிருந்தார். இரண்டு ஆண்டு கழித்து, 2014இல், இன்னொரு ஆட்டக்காரர் ஏமாந்துபோன ஒருவரை மணிக்கணக்கில் பேசவைத்து, பாடவைத்து, அவர் உடைந்து கத்துவதை ஒலிப்பதிவு செய்து மற்றவர்கள் சிரிக்கக் கொடுத்தார். அவரையும் விலக்கினார்கள். ஏமாற்றியதற்காக அல்ல, ஏமாற்றுவது அங்கே அனுமதிக்கப்பட்டது. அந்தப் பதிவுக்காக.

நான் தேடிய பதில் இதில்தான் கிடைத்தது. மூன்று பையன்களையும் மறுபடி உட்காரவைத்தேன். இந்தமுறை தாளைக் கொடுத்தேன். இடப்பக்கம் நீ இழந்தது, வலப்பக்கம் அவன் இழந்தது. எழுதுங்கள். இடப்பக்கம் சீக்கிரம் நிரம்பியது: தரவரிசைப் புள்ளி, டேட்டா, தூக்கம். அங்கே ‘உயிர்’ என்று ஒருவன் எழுதியிருந்தான், விளையாட்டின் உயிர். வலப்பக்கமும் அதையே எழுதினார்கள். “ரெண்டும் சமம் சார்” என்றான் பழைய வாதக்காரன்.

“அந்த வீடியோவை எந்தப் பக்கம் எழுதுவே?” என்று கேட்டேன்.

ஏனென்றால் அதற்குள் எனக்கு அது தெரிந்துவிட்டது. ஒவ்வொரு முறை அவன் செத்ததையும் திரையில் பதிவு செய்து, பாட்டுச் சேர்த்து, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். அதுவும் அவனுடைய விளையாட்டுப் பெயரை அழித்துவிட்டு, வீட்டுப் பெயரை எழுதி. பள்ளிக்கூடத்தில் நாற்பது பேர் பார்த்துவிட்டார்கள். மூவரும் இழந்தது மூன்று விளையாட்டுப் பொம்மைகள். அவன் இழந்தது காலையில் வகுப்புக்குள் நுழையும் தைரியத்தை. ஒரு பையன் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டான். ‘நாங்களும்தானே செத்தோம்’ என்றவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அதை நான் போடல சார், ஃபார்வர்டுதான் பண்ணேன்” என்றான். அதுவும் ஒரு வாதம்தான். அதைத் தனியாக ஒரு மணி நேரம் பேச வேண்டியிருந்தது.

அந்தப் பையன்களை நான் குற்றவாளிகள் என்று நினைக்கவில்லை. பதுங்கியிருந்து அடிக்கும் ஆட்டத்தையும் தப்பு என்று சொல்லவில்லை. சதுரங்கத்தில் குதிரையைக் காவுகொடுத்து ராஜாவை மடக்குகிற பிள்ளையை நாம் தட்டிக்கொடுக்கிறோம். காவு கொடுப்பதே ஆட்டத்தின் அழகு. ஆனால் அங்கே இலக்கு ராஜா என்கிற மரக்காய். எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளை அல்ல. கப்பல் இலக்காக இருக்கும்வரை அது ஆட்டம். கப்பலை ஓட்டுகிறவன் இலக்கானால், அதற்குள் எத்தனை விதி சரியாகக் கடைப்பிடிக்கப்பட்டாலும், ஆட்டம் முடிந்துபோன ஒன்றைத்தான் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஐஸ்லாந்துக்காரர்கள் கோடு போட்டது அங்கேதான். நானும் அங்கேதான் போடுகிறேன். இதைவிட நல்ல இடம் உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

‘இதற்கெல்லாம் அரசாங்கம் தடை போட்டுவிட வேண்டியதுதானே’ என்று தேநீர் இடைவேளையில் ஒரு நண்பர் கேட்டார். 2020 செப்டம்பரில் பப்ஜிக்குத் தடை வந்தது. நம் பிள்ளைகள் வேறு பெயருள்ள ஒன்றுக்கு மாறினார்கள். தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 2025இல் நாடாளுமன்றமும் ஒரு சட்டம் இயற்றியது. அவை முக்கியமானவை, ஆனால் அவற்றின் குறி பணம் கட்டி ஆடுகிற ஆட்டம். இங்கே ஒரு ரூபாய்கூடக் கைமாறவில்லை. எந்தச் சட்டத்தின் கண்ணிலும் இது படாது. படக்கூடிய கண் நம்முடையதுதான், அதிலும் முதல் நாள் எனக்குப் படவில்லை என்று சொல்லிவிட்டேன்.

செய்து பார்த்ததில் பயன்பட்டவற்றை மட்டும் சொல்கிறேன். ‘எந்த கேம் ஆடுற?’ என்று கேட்டால் பிள்ளை பொய் சொல்வான். ‘அதில் உன்னை யார் அடிக்கிறார்கள்?’ என்று கேட்டால் கொட்டிவிடுவான். ஆட்டத்தின் பெயர் நமக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆள் ஒருவன்மீதே திரும்பத் திரும்ப விழுகிறதா, அது பதிவாகி வகுப்புக்குள் வருகிறதா, இந்த இரண்டை விசாரித்தால் போதும். பதிவு இருந்தால் அழிக்கச் சொல்வதற்கு முன் தலைமையாசிரியரிடம் காட்டிவிடுங்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழு ஆசிரியர் இல்லாமல் இரண்டாவதாக ஒன்று இருக்கும். எல்லா வகுப்பிலும் இருக்கிறது. இல்லை என்று நினைக்கிற வகுப்பாசிரியருக்கு மட்டும்தான் தெரியாது. தொடக்கப்பள்ளி ஆசிரியைகள் சிரிக்கிறீர்கள், உங்கள் ஐந்தாம் வகுப்பிலும் அம்மாவின் எண்ணில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கலாம்.

சொல்லைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன் என்றேன். விளையாட்டில் தோற்ற பிள்ளை ‘செத்துடலாம் போல இருக்கு’ என்று சொன்னால் நம்மில் பலர் அதைக் கேலிப்பேச்சாக எடுத்துக்கொள்வோம். அந்தச் சுரங்கக்காரர் எழுதியதையும் அரங்கமே அப்படித்தான் எடுத்துக்கொண்டது. அப்படி ஒரு பிள்ளை சொன்னால் அன்றைக்கே தனியாக உட்காரவைத்து நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. வீட்டுக்குச் சொல்லுங்கள், தனியாக விடாதீர்கள். மனநல ஆலோசனைக்கு 14416, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098, நம் துறையின் 14417. இந்த மூன்று எண்களையும் எங்கள் பள்ளியில் மாணவர் மனசு பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம்.

அந்தப் பையன் இப்போது பத்தாம் வகுப்பு. விளையாடுகிறானா என்றால், விளையாடுகிறான். மூவரில் ஒருவனோடு சேர்ந்தே விளையாடுவதாகக் கேள்வி. மற்ற இருவரோடு பேச்சில்லை. பேசு என்று நான் வற்புறுத்தவில்லை. போன மாதம் நிகழ்தகவு நடத்தியபோது கையைத் தூக்கி, “சார், அந்தக் காவலர் இருபது வினாடி கழிச்சு வர்றதுக்குப் பதிலா முன்னாடியே வந்து நின்னா என்ன சார்?” என்று கேட்டான். அப்படி முன்கூட்டியே வந்து நிற்க வேண்டுமானால் யார் அடிக்கப்போகிறார் என்று காவலருக்கு எப்படித் தெரியும் என்று நான் திருப்பிக் கேட்டேன். “கூட இருக்கிறவங்களுக்குத் தெரியும்ல சார்” என்றான்.

கேள்வித்தாளின் நகல் முப்பது கொண்டுவந்திருக்கிறேன். கணக்கு ஆசிரியர்கள் போகும்போது வாங்கிக்கொள்ளுங்கள். 83.3க்கு விடை 84 என்பதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடாதீர்கள்.